சாய்கிற கல்லும் பிரேக்காரும்

பிரேக்காருக்கு வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்து மூன்று வருடங்களை, வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டிய வண்டிகளில் உட்கார்ந்தே கழித்திருக்கிறார். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களைச் சோதித்து, தேர்ச்சி என்றோ தேர்ச்சியில்லை என்றோ எழுதிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். வருகிறவர் பக்கம் ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் இருக்கும். இவர் பக்கம் ஒரு படிவமும் ஒரு பேனாவும் ஓர் உயிரும் இருக்கும். எனவே எதிரே லாரி வந்தாலும், நாய் வந்தாலும், காற்றில் ஒரு காலிப் பை உருண்டு வந்தாலும், இவருடைய வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். வருடத்துக்கு மூன்று முறை வலது செருப்பு மட்டும் தேயும். செருப்புத் தைக்கிறவர் ஒருநாள் கேட்டே விட்டார்: "சார், உங்க ஒரு கால் மட்டும் தனியா எங்கயாவது வேலைக்குப் போகுதா?"

ஓட்டுநர் பயிற்சிக்காரர்கள் அவருக்கு 'பிரேக்' என்று பெயர் வைத்தார்கள். அரசு உத்தியோகஸ்தர் என்பதால் நாம் உரிய விகுதி சேர்த்துப் பிரேக்கார் என்று சொல்வதே முறை.

அவருடைய கால் அலுவலக நேரம் பார்த்து வேலை செய்வதில்லை. மனைவி அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தால் மிதிக்கும். மகள் மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்கினால் மிதிக்கும். மனைவியின் அண்ணன் "மாப்ளே, எனக்கு ஒரு யோசனை" என்று ஆரம்பித்தால் இரண்டு கால்களும் சேர்ந்து மிதிக்கும். கடைசியில் ரத்த அழுத்தம் ஏறி மருத்துவரிடம் போனபோது, அவர் கருவியின் முள்ளைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு மீன் தொட்டி வைங்க. தினமும் அரைமணி நேரம் சும்மா பாத்துக்கிட்டே உக்காருங்க. மனசு அப்படியே அடங்கிடும்" என்றார். அந்த மருத்துவர் தம் வாழ்நாளில் ஒரு மீன்கூட வளர்த்ததில்லை என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

வண்ணமீன் கடையில் பிரேக்கார் கேட்ட முதல் கேள்வியிலேயே அவருடைய வாழ்க்கை வரலாறு அடங்கிவிட்டது.

"சட்டுனு சாகாத மீன் ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "இருக்கு சார். சிக்லிட். ஆப்பிரிக்க ஏரியில பாறை இடுக்குலயே பொறந்து வளர்ற மீனு. லேசுல சாகாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, மனசாட்சி உள்ளவர் ஆதலால் சேர்த்துச் சொன்னார்: "கொல்லும்."

"யார?"

"ஒண்ண ஒண்ணுதான். பயப்படாதீங்க, அதுக்கும் வழி இருக்கு. ஒரு ஆணுக்கு மூணு பொண்ணாவது விடணும். ஒண்ணே ஒண்ணு விட்டா, அதையே துரத்தித் துரத்தித் தீத்துடும். அப்புறம், நாலஞ்சு மீனோட நிறுத்தாதீங்க. பதினாலு, பதினஞ்சுன்னு விடுங்க. கூட்டம் இருந்தாத்தான் அடி எல்லாருக்கும் பங்கு பிரியும்."

"எங்க ஆபீஸ் மாதிரி."

"அதே மாதிரிதான் சார். ஆனா இதுங்க வேலை செய்யும்."

அப்படியாகப் பதினாலு மீன்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தேர்வு இரண்டு மணி நேரம் நடந்தது. ஒவ்வொரு மீனும் நேராகப் போகிறதா, திரும்பும்போது தடுமாறுகிறதா, பின்னால் வருகிறதைக் கவனிக்கிறதா என்று பிரேக்கார் தம் தொழில்முறைப்படி பார்த்தார். நீல உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஆண் ஒன்று யாருக்கும் வழிவிடாமல் குறுக்கே பாய்ந்தது. தேர்ச்சியில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைக்காரர் அதை வலையில் பிடித்துவிட்டார். மகள் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள்.

மீன் வருவதற்கு முன்னால் கல் வர வேண்டும். இந்த மீன்களுக்குப் பொந்தும் இடுக்கும் இல்லாமல் பிழைப்பில்லை. பிரேக்கார் மூன்று வாரம் கல் சேர்த்தார். ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினார், கூர்முனை இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார், குளியலறையில் மனைவி எடை பார்க்கும் கருவியில் நிறுத்தார். பெரிய கல் பன்னிரண்டு கிலோ. வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்காது என்ற தோற்றத்தில் இருந்ததால் மகள் அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தாள். அப்படி ஒரு பெரியப்பா உண்மையிலேயே இருந்தார்; அவரைப் பற்றி இங்கே வேண்டாம்.

கடைக்காரர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். "முதல்ல கல்லு, அப்புறம் மணலு. மறந்துடாதீங்க. கல்லு நேரா அடிக்கண்ணாடியில உக்காரணும். நடுவுல ஒரு பிளாஸ்டிக் வலைய விரிச்சுக்கிட்டா போதும். அதுக்கப்புறம் சுத்தி மணலக் கொட்டுங்க."

பிரேக்கார் தலையாட்டினார். "நான் நல்லா ஓட்டுவேன் சார்" என்று சொல்லும் புதியவர்களுக்கு அவர் ஆட்டுகிற அதே தலையாட்டல். கண்ணாடியின் மேல் கல்லா? புத்தியுள்ள எவனாவது செய்வானா? வீட்டுக்கு வந்ததும் மணலை நான்கு விரற்கடை உயரத்துக்கு மெத்தை மாதிரி பரப்பி, மரச்சட்டத்தால் மட்டம் தட்டி, அதன்மேல் கற்களை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். உச்சியில் பெரியப்பா.

"கடைக்காரர் வேற மாதிரி சொன்னாருன்னீங்களே?" என்றாள் மனைவி. அவள் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். எதையும் வரிசைப்படி செய்யாவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும்.

"அவர்கிட்ட கண்ணாடித் தொட்டி நாப்பது இருக்கு. ஒண்ணு போனா முப்பத்தொம்பது. நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றார் பிரேக்கார்.

முதல் வாரம் மனசு அடங்கியது. மருத்துவர் சொன்னபடி அரைமணி நேரம் உட்கார்ந்தார். எட்டாம் நாள் காலை, 'சர்...' என்று மெல்லிய சத்தம். மேனேஜர் பெரியப்பாவின் காலடியில் வாய் நிறைய மணலை அள்ளி, ஒரு முழம் தள்ளிப் போய்க் கண்ணாடியில் துப்பிவிட்டு, திரும்பி வந்து மறுபடி அள்ளியது. பிரேக்கார் முதலில் ரசித்தார். "பாரு, எவ்ளோ சுறுசுறுப்பு!" மதியத்துக்குள் பெரியப்பாவின் அடியில் ஒரு முட்டை அளவுக்குப் பள்ளம். மறுநாள் ஒரு கிண்ணம் அளவுக்கு.

அப்போதுதான், கடைக்காரர் இரண்டு தடவை சொன்னது எதற்கென்று புரிந்தது. சிக்லிட் மணலைத் தோண்டும். மணலின் மேல் நிற்கிற கல், மணல் போனதும் விழும். விழுகிற இடம் கண்ணாடி.

கண்ணாடிக்கு வெளியே, பெரியப்பாவின் மேல்விளிம்பு இருக்கும் உயரத்தில் அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். மறுநாள் விளிம்பு கோட்டுக்குக் கீழே இருந்தது. நூலளவு. புதிய கோடு போட்டார். அதற்கும் மறுநாள் இன்னொரு நூல். தொட்டியில் முந்நூறு லிட்டர் தண்ணீர். தொட்டி நிற்பது கூடத்து ஜன்னலோரம். அந்த ஜன்னலோரத்துக்கு நேர் கீழே, கீழ்வீட்டில், குழந்தைகள் காப்பகம். பதினொரு குழந்தைகள் மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை வரிசையாகப் பாயில் தூங்குகின்றன. பிரேக்கார் தரையைப் பார்த்தார். இத்தனை வருடமாக அது தரை. இப்போதுதான் அது யாரோ ஒருவருடைய கூரையாகவும் இருப்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்குவது என்று முடிவு செய்து சட்டைக் கையைச் சுருட்டினார். மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, நில்லுங்க நில்லுங்க! அந்த மஞ்சள் மீனோட வாயப் பாருங்க!"

பெரியப்பாவின் அடியில், மேனேஜர் தோண்டிய அதே குழியில், மங்கிய மஞ்சள் நிறப் பெண் மீன் ஒன்று நின்றது. தாடை உப்பியிருந்தது. தீனி போட்டாலும் வரவில்லை. கடைக்காரருக்குத் தொலைபேசினார்கள்.

"வாழ்த்துகள் சார்! வாயில முட்டை வெச்சிருக்கு. அங்கேயேதான் குஞ்சு பொரிக்கும். மூணு வாரம் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போகாது."

"கல்ல மட்டும் கொஞ்சம்..."

"ஐயையோ, தொடாதீங்க. பயந்துச்சுன்னா துப்பிடும், இல்ல முழுங்கிடும். புடிச்சு வேற தொட்டியில விடலாம்தான். ஆனா புடிக்கிறதுக்கே எல்லாக் கல்லையும் எடுக்கணுமே. ஆமா, கல்லு கண்ணாடியிலதானே உக்காந்திருக்கு?"

பிரேக்கார் இருமினார். இணைப்பு துண்டிக்கப்பட்டது, யாரால் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

"அப்பா, ப்ளீஸ்ப்பா. மூணு வாரம்தானே."

இந்தப் பெண் பன்னிரண்டு வயதுக்குள் கேட்டவை: ஒரு சைக்கிள், நீச்சல் வகுப்பு, பள்ளிக்கூடத்துச் சுற்றுலா, மேல்படுக்கையில் ஒரே ஒரு தடவை ரயில் பயணம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். சமீபகாலமாக அவள் கேட்பதையே விட்டிருந்தாள். பிரேக்கார் வழக்கமான 'வேண்டாம்' சொல்ல வாயைத் திறந்தார். "சரி" என்று வந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மகள் அந்த மீனுக்கு மௌனி என்று பெயர் வைத்துவிட்டுக் குதித்துக்கொண்டு போனாள். படியில் இரண்டிரண்டாகத்தான் இறங்கினாள்.

அடுத்த நாட்களில் பிரேக்காரின் முகம் மௌனியின் முகம்போலவே ஆனது, சாப்பாடும் இறங்கவில்லை. ஒருநாள் காப்பகத்துக்கு இறங்கிப் போனார். அங்கே டீச்சர் இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு நின்றாள். முப்பது முப்பத்தைந்து வயதுக்காரி. கூப்பாடு போடாமலே பதினொரு பேரை அடக்குகிறவள்.

"டீச்சர், குழந்தைங்கள ஜன்னலோரமா படுக்க வெக்கிறீங்களே, அந்தப் பக்கச் சுவரோரமா படுக்க வெச்சா காத்து நல்லா வரும்."

"ஜன்னல்லதானே சார் காத்து வரும்?"

"ஆமாமா. ரொம்ப வரும். சளி புடிக்கும்."

"இப்ப காத்து வரணுமா, வரக்கூடாதா?"

பிரேக்கார் மேலே பார்த்தார். டீச்சரும் மேலே பார்த்தாள்.

"மேல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"மீனு."

"எவ்ளோ?"

"பதினாலு."

"அவ்ளோதானா? வளத்துட்டுப் போங்க சார், எனக்கென்ன" என்று சிரித்தாள்.

மீன்கள் எதில் நீந்துகின்றன என்று அவள் கேட்கவில்லை; கேட்காததற்குப் பதில் சொல்வது அரசு ஊழியருக்கு வழக்கமில்லை. ஆனால் திரும்பும்போது, ஜன்னலுக்கு நேர் கீழே விரலைச் சூப்பியபடி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பொடியனைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு மேனேஜர் அள்ளுகிற ஒவ்வொரு வாய் மணலும் அந்தப் பொடியன் தலைமாட்டிலிருந்தே அள்ளப்படுவதுபோல அவருக்கு இருந்தது.

மைத்துனர் வந்து பார்த்தார். "மாப்ளே, எனக்கு ஒரு யோசனை. கார் ஜாக்கி ஒண்ண உள்ள வெச்சு..." பிரேக்கார் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

கண்ணாடியில் இப்போது பதினொரு கோடுகள். மௌனியின் விரதத்தில் பதினைந்தாம் நாள் முதல் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத்தில் பிரசவம்' என்று எழுதினார். தொட்டிக்கு முன்னால் நாற்காலி. வாசல் கதவில் மூன்று தாழ்ப்பாள் உண்டு. எந்நேரமும் மூன்றும் போட்டிருக்கும் வீடு அது. இப்போது வெறுமனே சாத்தியிருந்தது. தண்ணீர் வெடித்துக் கிளம்பினால் தாழ்ப்பாள் திறக்கிற நேரத்தில் கீழே இரண்டு பிள்ளைகளையாவது தூக்கிவிடலாம் என்று கணக்கு. எந்த இரண்டு பிள்ளைகள் என்ற கேள்விக்கு வந்ததும் கணக்கு நின்றுவிடும்.

பத்தொன்பதாம் நாள் மதியம் ஒன்றே முக்கால். மனைவி தபால் அலுவலகத்தில். மகள் பள்ளிக்கூடத்தில். கீழே தாலாட்டு ஓய்ந்து, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்தது. பெரியப்பாவின் இடது ஓரத்தில் ஒரே ஒரு வாய் அள்ளியது. துப்பவில்லை. நின்று கல்லைப் பார்த்தது. பிறகு சட்டென்று விலகியது.

பெரியப்பா அசைந்தார்.

பிரேக்கார் எழுந்தது அவருக்கே தெரியாது. கால் தரையை மிதித்தது, ஒன்றும் நிற்கவில்லை. கை மட்டும் தண்ணீருக்குள் தோள்வரை போயிருந்தது, முழுக்கைச் சட்டையோடு, கடிகாரத்தோடு. 'ணங்' என்று ஒரு சத்தம். கல்லின் மூலை முன்கண்ணாடியில் இடித்துவிட்டு, அவர் உள்ளங்கையில் சாய்ந்து நின்றது.

பிரேக்கார் உயிரோடிருந்தார். கல் கையில் இருந்தது. கல்லுக்கும் குழிக்கும் நடுவே இருந்த இரண்டு விரல் இடைவெளியில் மௌனி இருந்தாள். அவருடைய மணிக்கட்டில் அவள் செவுள் அடித்துக்கொள்வது தெரிந்தது. கையை எடுத்தால் கல் அவள்மேல். பிறகு கண்ணாடி. பிறகு தரை. பிறகு பொடியன்.

தொலைபேசி சாப்பாட்டு மேசையில், ஐந்து அடி தூரத்தில். கத்தினால் குழந்தைகள் எழுந்துவிடும். எழுந்தால் நல்லதா கெட்டதா? முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் சூடாக்கும் கம்பி சிவப்பு விளக்கோடு நின்றது. அதில் எங்காவது கீறல் இருந்தால்? மேனேஜர் திரும்பி வந்து, தன் எல்லைக்குள் நுழைந்த சட்டை போட்ட புதிய மீனை முழங்கையில் கடித்தது. வலிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

அப்போதுதான் பேனாவால் போடாத ஒரு கோடு கண்ணில் பட்டது. கல் இடித்த இடத்தில், நகத்தால் கீறியதுபோல, ஒரு விரல் நீளம். கீறலா? விரிசலா? கோட்டுக்குக் கீழே, கண்ணாடியின் வெளிப்பக்கம், ஒரு சொட்டுத் தண்ணீர் மெதுவாக இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று. உள்ளிருந்து வருகிறதா? சட்டையிலிருந்து வழிகிறதா? குனிந்து பார்க்கக் கழுத்து போதவில்லை. துடைத்துப் பார்க்கலாமென்றால், ஒரு கை கல்லில், மறுகை தொட்டி விளிம்பில். விளிம்பை விட்டால் சாய்ந்துவிடுவார். மூன்றாவது சொட்டு. அவர் எண்ண ஆரம்பித்தார். எண்ணுவதைத் தவிர உலகத்தில் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. நாற்பத்திரண்டாவது சொட்டில் தோள் நடுங்கத் தொடங்கியது.

கதவு தள்ளித் திறந்தது.

"என்ன சார் இது, இப்பத்தான் ஒவ்வொண்ணா தூங்க வெச்சேன், மேல என்ன இடி இடிக்..." காப்பகத்து டீச்சர் நின்றுவிட்டாள்.

"டீச்சர், கத்தாதீங்க."

"நான் எங்க கத்துனேன்? கைய எடுங்க மொதல்ல."

"எடுத்தா கல்லு விழுந்துடும்."

"விழுந்தா?"

"கண்ணாடி போயிடும்."

"போனா?"

பிரேக்கார் தரையைப் பார்த்தார். டீச்சரும் தரையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பின் கடைசிச் சுருக்கமும் போயிற்று.

"எவ்ளோ தண்ணி இதுல?"

"முந்நூறு லிட்டர்."

"அன்னைக்கு பதினாலு மீனுன்னு சொன்னீங்க."

"மீனு பதினாலுதான்."

அவள் அவரைத் திட்டியிருக்கலாம், நியாயம் இருந்தது. ஆனால் பதினொரு பேரை வைத்துச் சமாளிக்கிறவர்கள் திட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். வாசலில் எட்டிக் கீழே இருந்த ஆயாவிடம், "பிள்ளைங்கள ஜன்னல்கிட்டருந்து இழுத்துடுங்கக்கா, பாயோட, எழுப்பாம" என்று சொன்னாள். வந்து சுவரில் ஸ்விட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு போயிற்று. கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் தோளில் நனைந்திருந்த சட்டையைப் பிழிந்து சுற்றிக் கட்டினாள். கண்ணாடியை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள்.

"இப்ப பாக்கலாம். பத்து எண்றேன்."

பிரேக்கார் கண்ணை மூடிக்கொண்டார். அவள் குழந்தைகளுக்கு எண்ணுகிற மாதிரி நிதானமாக எண்ணினாள். ஏழில் ஒருமுறை நிறுத்தினாள். அந்த இடத்தில் பிரேக்காரின் ஆயுள் ஓரிரண்டு வருடம் குறைந்தது. பிறகு எட்டு, ஒன்பது, பத்து.

"ஒரு சொட்டு இல்ல. உங்க சட்டைத் தண்ணிதான் சார். கண்ணத் திறங்க."

முக்காலியைப் போட்டு ஏறி, இரண்டு கைகளையும் உள்ளே விட்டுக் கல்லின் விளிம்பைப் பிடித்தாள்.

"மூணு சொன்னதும் தூக்கணும்."

"மெதுவா டீச்சர். அடியில ஒருத்தி இருக்கா."

"யாரு?"

"வாய் நெறைய குழந்தைங்க. இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி."

டீச்சர் பிடியை மாற்றி, கல்லைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." பிரேக்கார் அடியிலிருந்து உந்த, பெரியப்பா குழந்தை மாதிரி எழுந்து டீச்சர் கைக்குப் போய், தண்ணீர் ஒழுக ஒழுக வெளியே வந்து, தரையில் உட்கார்ந்தார்.

வெளிச்சம் பட்டதும் மௌனி ஒரு துள்ளுத் துள்ளினாள். வாய் திறந்தது. உள்ளேயிருந்து கடுகளவு உடம்பும் அதில் பாதி கண்ணுமாக ஒரு கூட்டம் புகைபோலக் கிளம்பியது. அடுத்த நொடி எல்லாத் திசையிலிருந்தும் மீன்கள் பாய்ந்தன. மேனேஜர்தான் முதலில். மௌனி திரும்பிச் சிலவற்றை வாயில் வாங்கினாள். சிலவற்றை மற்றவர்கள் வாங்கினார்கள். மிச்சம் இருந்தவை, ஒதுங்க ஓர் இருட்டுத் தேடி, கல்லை விட்டு மணலின்மேல் கவிந்திருந்த பிரேக்காரின் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்தன.

அவர் விரல்களைத் தாழ்த்தி மணலில் ஊன்றினார்.

"அதான் கல்ல எடுத்தாச்சே. கைய எடுங்க சார், வெறச்சுப் போயிருக்கு."

"எடுக்க முடியாது."

"ஏன்?"

"உள்ள இருக்குதுங்க."

மேனேஜர் விரல்முட்டியில் கடித்தது. இந்த முறை வலித்தது. ரத்தம் நூலாக மேலே எழும்பியது. பிரேக்காரின் உடம்பு முழுக்க நடுங்கியது. மணலில் ஊன்றிய விரல்கள் மட்டும் நடுங்கவில்லை. பயத்தை அவர் விட்டுவிட்டார் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. அவர் அப்போது பயந்த மாதிரி எப்போதும் பயந்ததில்லை.

டீச்சர் சமையலறைக்குள் போய் டீ வடிகட்டியும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் கொண்டுவந்தாள். கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டாள்.

"நாளைக்கு இந்தத் தொட்டி இங்க இருக்கக் கூடாது. உள்பக்கச் சுவருக்குப் போகணும். சொல்லிட்டேன்."

"சரி."

"கல்லையும் ஒழுங்கா வைக்கணும்."

"சரி."

"எத்தன இருக்கு உள்ள?"

பிரேக்கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் எண்ணினார். "ஏழு. இல்ல, எட்டு. சுண்டுவிரலுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அத முதல்ல எடுத்துடாதீங்க டீச்சர். ரொம்ப பயந்திருக்கு."

கீழே ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. "வர்றேன்டா கண்ணு, இதோ வர்றேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டீச்சர் வடிகட்டியை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினாள்.